கார்டு கன்ஃபர்ம் ஆகும்வரை

கோல்ஃப் பந்தை எப்படி அடிப்பது என்று சொல்லித்தர யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த ஆட்டத்தையே தொழிலாக எடுத்துக்கொண்ட ஒரு பதினெட்டு வயதுப் பெண், முதல் இரண்டு வருஷம் யார் காசில் ஊர் ஊராகப் போகிறாள், எந்த வாரம் கையில் பணம் வரும், எந்த வாரம் வராது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. பட்டாபிராம் ஸ்டேஷனை ஒட்டிய டீக்கடையில் என் எதிரே உட்கார்ந்திருந்த அண்ணன் கேட்டது அதைத்தான். ஆவடி டாங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். எட்டாவது படிக்கும் அவர் பேத்தி, அதிதி அசோக் ஆடுவதைப் போனில் பார்த்துவிட்டு, நானும் கோல்ஃப் கற்றுக்கொள்கிறேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாளாம்.

“பணக்காரங்க ஆட்டம்னு தெரியும் தம்பி. அதுல பணம் எப்படி வருதுன்னுதான் தெரியல. மாசச் சம்பளம் தருவாங்களா?”

“சம்பளமே கிடையாதுண்ணே. நல்லா ஆடுன வாரம் காசு. ஆடாத வாரம் ஓட்டல் பில்லு.”

“அப்புறம் இது என்ன உத்தியோகம்?” என்றார்.

இதற்கு ஒரு டீ போதாது என்று தெரிந்துவிட்டது. 

ஆட்டத்தை இரண்டு வரியில் முடித்தேன். பதினெட்டுக் குழி. ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடியில் பந்தைப் போடவேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குப் பெயர் பார். ஒன்று குறைவாகப் போட்டால் பர்டி, ஒன்று கூடிப்போனால் போகி. பதினெட்டுக்கும் கூட்டினால் பெரும்பாலான மைதானங்களில் 72 வரும், சிலவற்றில் 71. மூன்று நாளோ நாலு நாளோ ஆடி, யாருடைய மொத்தக் கணக்கு குறைவோ அவர் ஜெயித்தார். எதிரே நின்று நம் பந்தைத் திருப்பி அடிக்க யாரும் இல்லை. கிலோமீட்டர் கணக்கில் நடந்து, மைதானத்தோடும் காற்றோடும் நம் கையோடும்தான் மல்லுக்கட்டவேண்டும்.

இனி அதிதி கதை. தூரத்து ஆள் ஒன்றும் இல்லை. பட்டாபிராமில் நிற்காமல் போகிற பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் போய்ச் சேரும் ஊர்க்காரர். 1998 மார்ச் 29 அன்று பெங்களூரில் பிறந்தவர். அப்பா அசோக் குட்லமணி, அம்மா மகேஸ்வரி. இருவருமே கோல்ஃப் ஆடியவர்கள் இல்லை. ஐந்து வயதில் பெற்றோருடன் காலை டிபனுக்குப் போன ஓட்டலிலிருந்து, கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் பயிற்சித் திடல் தெரிந்திருக்கிறது. அங்கே ஏதோ கைதட்டல், கூச்சல். என்னவென்று பார்க்கப் போன குழந்தை திரும்பி வரவில்லை என்றுதான் சொல்லவேண்டும். மகளுக்காக அப்பாவும் ஆட்டத்தைப் படித்துக்கொண்டார். 

பதின்மூன்று வயதில், 2011இல், பெண்களுக்கான ஹீரோ தொழில்முறைத் தொடரில் ஒரு போட்டியை ஜெயித்தார் அதிதி. பெரியவர்கள், அதுவும் பணத்துக்காக ஆடுகிறவர்கள் கலந்துகொண்ட போட்டி. 

“அப்ப பதிமூணு வயசுலயே சம்பாதிக்க ஆரம்பிச்சிட்டா.”

“ஜெயிச்சாங்க. ஆனா பரிசுப் பணம் கிடையாதுண்ணே.”

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். அமெச்சூர், தொழில்முறை என்ற பாகுபாட்டை இந்த ஆட்டம் இன்னமும் கறாராக வைத்திருக்கிறது. அமெச்சூராக இருக்கும்வரை கோப்பை வாங்கலாம், பெரிய பரிசுத் தொகையைத் தொடக்கூடாது. தொழில்முறைக்கு மாறினால் பணம் வாங்கலாம், ஆனால் அமெச்சூர் போட்டிகளின் கதவு மூடிவிடும். பழைய இடத்துக்குத் திரும்புவது அவ்வளவு எளிதில்லை. அதனால் எப்போது மாறுவது என்பது ஒவ்வொரு குடும்பத்திலும் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. ரொம்ப முன்னால் மாறினால் கற்றுக்கொள்கிற வயதில் கடன் சேரும். பின்னால் மாறினால் கூட ஆடியவர்கள் எங்கேயோ போயிருப்பார்கள். அதிதி பொறுத்திருந்தார். 2013 ஆசிய இளையோர் விளையாட்டு, 2014 இளையோர் ஒலிம்பிக், அதே வருஷம் ஆசிய விளையாட்டு. 2015இல் பிரிட்டிஷ் பெண்கள் அமெச்சூர் ஸ்ட்ரோக் பிளே பட்டத்தையும் ஜெயித்தார். அமெச்சூராக இனிமேல் நிரூபிக்க ஒன்றுமில்லை என்ற நிலை வந்த பிறகுதான் அடுத்த வாசலுக்குப் போனார்.

அந்த வாசல் மொராக்கோவில் இருந்தது. 2015 டிசம்பரில் நடந்த லல்லா ஆயிஷா டூர் ஸ்கூல். ஸ்கூல் என்று பெயரே தவிர பாடம் கிடையாது. ஐரோப்பியப் பெண்கள் சுற்றுப்போட்டியில் அடுத்த வருஷம் ஆட யாருக்கு அனுமதி என்று தீர்மானிக்கும் தேர்வு. பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் நாள்கணக்கில் ஆடி, முதல் சில இடங்களுக்குள் முடித்தால் ‘கார்டு’ கிடைக்கும். பதினேழு வயது அதிதி அந்தத் தேர்வில் முதலிடம் பிடித்தார். அதை ஜெயித்த முதல் இந்தியர். அதுவரை ஜெயித்தவர்களிலேயே இளையவர். 2016 ஜனவரி 1 முதல் தொழில்முறை ஆட்டக்காரர். பள்ளிப்படிப்பு முடியவில்லை, அந்த வருஷம்தான் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தார்.

இளம் தொழில்முறை கோல்ஃபரின் ஆரம்ப காலம் முழுக்க இந்தக் கார்டைச் சுற்றித்தான் ஓடுகிறது. கோப்பை, போட்டோ எல்லாம் பிறகு. கார்டை அண்ணனுக்கு விளங்கவைக்க ரயில்வே ரிசர்வேஷன்தான் கைகொடுத்தது. முழு கார்டு என்றால் கன்ஃபர்ம் பெர்த்: பெரும்பாலான போட்டிகளில் இடம் உறுதி, டிக்கெட்டும் ஓட்டலும் முன்கூட்டியே போட்டுவைக்கலாம். நிபந்தனைக் கார்டு ஆர்.ஏ.சி.: மேலே இருப்பவர்கள் யாராவது வரவில்லை என்றால் பெர்த் கிடைக்கும், கடைசி நேரம்வரை தெரியாது. போட்டியை நடத்தும் கம்பெனி விருப்பப்பட்டுக் கொடுக்கும் அழைப்பு இருக்கிறதே, அது எமர்ஜென்சி கோட்டா. ஒரு வித்தியாசம்தான்: இங்கே கன்ஃபர்ம் ஆன பெர்த்தும் ஒரு வருஷத்துக்குத்தான். வருஷக் கடைசியில் பட்டியலில் கீழே இறங்கிவிட்டால், மறுபடியும் பரீட்சை எழுதித்தான் ஏறவேண்டும்.

“பெர்த் கிடைச்சா சாப்பாடும் தருவானா?”

“பெர்த் மட்டும்தான். சாப்பாடு, விமானம், ரூம், பயிற்சியாளர், கூட வர்றவர் சம்பளம், எல்லாம் நம்ம கை.”

இந்த இடத்தில்தான் ‘கட்’ என்பதைச் சொல்லவேண்டியிருந்தது. என்னைக் கேட்டால் இந்த ஆட்டத்தில் மிகக் கொடூரமான விஷயம் அதுதான். நாலு நாள் போட்டியில் நூற்று நாற்பது பேர் சொச்சம் வியாழக்கிழமை காலை கிளம்புவார்கள். இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் ஒரு கோடு போடுவார்கள். முதல் 65 இடம், அந்த இடத்தில் சமமாக இருப்பவர்கள், அவ்வளவு பேர்தான் சனி ஞாயிறு ஆடலாம். கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வழக்கமாக ஒரு பைசா கிடையாது. பெரிய சுற்றுகளில் எல்லாம் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான், எண்ணிக்கை மட்டும் கொஞ்சம் முன்பின் இருக்கும். 

வெள்ளிக்கிழமை சாயந்திரம் கடைசிக் குழியில், ஆறடி தூரத்தில் பந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டுவிட்டால் இன்னும் இரண்டு நாள் ஆட்டம், ஏதோ ஒரு தொகை, தரவரிசையில் ஒரு புள்ளி. தவறினால் அன்று ராத்திரியே பெட்டி கட்டவேண்டும், விமான டிக்கெட்டை மாற்றினால் அதற்கும் தனிக்காசு. ஜெயிக்கிறவரின் கடைசி அடியைத்தான் டி.வி. காட்டும். புதிதாக வந்தவரின் பிழைப்பைத் தீர்மானிக்கும் அடியோ, வெள்ளிக்கிழமை கூட்டமில்லாத மைதானத்தில், கேமரா இல்லாத குழியில் விழுகிறது. ஒரு வருஷத்தில் இப்படி இருபது வெள்ளிக்கிழமைகள். 

முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் உள்ள தூரமும் அதிகம். ஆண்களுக்கான அமெரிக்க பி.ஜி.ஏ. சுற்றில் வழக்கமாக மொத்தப் பரிசில் 18 சதவீதம் ஜெயித்தவருக்கு. பெண்களுக்கான பெரிய சுற்றுகளில் சுமார் 15 சதவீதம். நாலாவது இடத்துக்கு வரும்போதே 5 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். அறுபத்தைந்தாவது இடத்துக்கு வருவது பல போட்டிகளில் அந்த வாரச் செலவுக்குக் காணாது.

கட் இல்லாத போட்டியும் உண்டு. ஒலிம்பிக் அப்படித்தான், அறுபது பேரும் நாலு நாளும் ஆடலாம். அதிதியின் முதல் வருஷத்திலேயே அது வந்தது. 112 வருஷ இடைவெளிக்குப் பிறகு, 2016 ரியோவில்தான் கோல்ஃப் ஒலிம்பிக்குக்குத் திரும்பியது. பெண்கள் பிரிவில் ஆடியவர்களில் மிக இளையவர், பதினெட்டு வயது அதிதி. ஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தவர் அப்பா. பார் 71. முதல் நாள் 68, இரண்டாம் நாள் 68. முன்வரிசையில் இருந்தார், இந்தியாவில் திடீரென்று எல்லோரும் கோல்ஃப் நிபுணர்கள் ஆனார்கள். மூன்றாம் நாள் 79, நாலாம் நாள் 76. கடைசியில் 41ஆவது இடத்தைச் சிலருடன் பகிர்ந்துகொண்டார்.

“ரெண்டு நாள் நல்லா ஆடிட்டு ஏன் அப்படி?” என்றார் அண்ணன்.

அவருடைய நிபுணர் மூளைக்கு என் ஊகத்தைச் சொன்னேன். முதல் இரண்டு நாள் யாரும் பார்க்காத ஆள். மூன்றாம் நாள் பலகையில் மேலே பெயர் வந்த ஆள். அந்த எடையைத் தூக்கப் பதினெட்டு வயதில் பழக்கம் இருக்காது. உள்ளூர்ப் பயிற்சியில் அதைப் பழக்கவும் முடியாது. பலகையில் மேலே இருந்து பார்த்து, விழுந்து, மறுபடி ஏறினால்தான் வரும். இதைச் சொல்லிவிட்டு உடனே சேர்த்துச் சொல்லவேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2023 ஹாங்சூ ஆசிய விளையாட்டில் கடைசி நாளுக்கு ஏழு அடி முன்னிலையோடு போனவர் இதே அதிதி. அன்று 77 ஆடினார். தங்கம் தாய்லாந்தின் அர்பிசயா யூபோலுக்குப் போனது, அதிதிக்கு வெள்ளி. ஆசிய விளையாட்டு கோல்ஃபில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான், ஆனாலும் அந்த 77 எனக்கு இன்னமும் புரியவில்லை. என் ஊகத்தில் பாதியை அது அடித்துவிடுகிறது.

ரியோ முடிந்து மூன்று மாதத்தில் குருகிராமில் ஹீரோ பெண்கள் இந்தியன் ஓப்பன். 2016 நவம்பர் 11 முதல் 13 வரை. தேதியைப் பாருங்கள். நவம்பர் 8 ராத்திரி எட்டு மணிக்குத்தான் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தார்கள். ஆவடியிலும் அம்பத்தூரிலும் நாமெல்லாம் வங்கி வாசலில் வெயிலில் நின்ற அந்த மூன்று நாளில்தான், ஐரோப்பியப் பெண்கள் சுற்றில் பட்டம் ஜெயித்த முதல் இந்தியர் ஆனார் அதிதி. மூன்று நாளில் 213 அடி, பாருக்கு மூன்று குறைவு. ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் வெற்றி. அமெரிக்காவின் பிரிட்டனி லின்சிகோம் மாதிரிப் பெரிய பெயர்கள் அவருக்குப் பின்னால். அண்ணனுக்கு அந்தச் செய்தி கண்ணிலேயே படவில்லை. யாருக்குப் பட்டிருக்கும்?

இரண்டு வாரத்தில் கத்தார் ஓப்பனையும் ஜெயித்தார். ஐரோப்பியச் சுற்றின் வருஷப் பட்டியலில் இரண்டாம் இடம், வருஷத்தின் சிறந்த புதுமுகம் என்ற விருதும்.

இந்தியன் ஓப்பனின் மொத்தப் பரிசு 4 லட்சம் டாலர். ஜெயித்தவருக்கு 60 ஆயிரம். அப்போதைய மதிப்பில் நாற்பது லட்சம் ரூபாய் சொச்சம். கணக்குப் பார்ப்பவர் பக்கத்தில் இருக்கும்போது செலவையும் எழுதாமல் விடமுடியாது. டீக்கடைக்காரரிடம் பேனா வாங்கி, அன்றைய பேப்பர் ஓரத்தில் எழுதினோம். விமானம், அறை, சாப்பாடு, பை தூக்கும் கேடியின் சம்பளம் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 2,500 டாலர் என்று வைத்தோம், சிக்கனமான உத்தேசம்தான். வருஷத்துக்கு இருபது வாரம் என்றால் 50 ஆயிரம் டாலர். இதில் பயிற்சியாளர் சம்பளம், வரி, வீட்டுச் செலவு எதுவும் சேரவில்லை. நாட்டிலேயே முதல் ஆளாக ஜெயித்த பட்டத்தின் காசு, ஒரு வருஷப் போக்குவரத்துக்குச் சரியாகப் போகிறது. 

“ஜெயிச்சும் இதான் கதையா!” என்று அண்ணன் பேப்பரைத் தன் பக்கம் திருப்பிக் கூட்டலைச் சரிபார்த்தார்.

இதனால்தான் சட்டையில் கம்பெனிப் பெயர். ஆதரவு இல்லாமல் முதல் மூன்று வருஷத்தைத் தாண்டுகிறவர்கள் அபூர்வம். இந்தியாவில் ஹீரோ மோட்டோகார்ப் போட்டிகளையும் ஆட்டக்காரர்களையும் பல வருஷமாகத் தாங்குகிறது. ஒலிம்பிக் வாய்ப்பு இருப்பவர்களுக்கு விளையாட்டு அமைச்சகத்தின் டாப்ஸ் திட்டம் உண்டு. அதிதி அதில் இருந்தவர். குடும்பமே பையைத் தூக்குவதிலும் பாசத்தோடு சிக்கனம் கலந்திருக்கிறது. அமெரிக்கச் சுற்றில் கேடிக்கு வாரச் சம்பளமே ஆயிரம் டாலருக்கு மேல் போகும். நல்லா ஆடினால் பரிசில் 5 முதல் 10 சதவீதம்வரை பங்கும் உண்டு. கேடி என்றால் பதினாலு ஸ்டிக் இருக்கும் பையைத் தூக்குகிற ஆள் மட்டும் இல்லை. குழியில் நட்ட கொடிக்கு எத்தனை கஜம், காற்று எந்தப் பக்கம், பந்து உருளும் தரை எங்கே சாய்கிறது என்று கூடவே கணக்குப் போடுகிறவர். ஆட்ட நேரத்தில் ஆட்டக்காரர் யோசனை கேட்கச் சட்டப்படி அனுமதி உள்ள ஒரே மனிதரும் அவர்தான். 

2016 டிசம்பரில் அதிதி அமெரிக்காவின் எல்.பி.ஜி.ஏ. சுற்றுக்கான தேர்வுக்குப் போனார். ஐரோப்பாவில் கன்ஃபர்ம் பெர்த், இரண்டு கோப்பை, புதுமுக விருது. அங்கே அதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது. ஃப்ளோரிடாவில் நடந்த கடைசிக் கட்டத்தில் முதல் 20 பேருக்குத்தான் முழு கார்டு. அந்த இருபதுக்குள் அவர் வரவில்லை. கிடைத்தது நிபந்தனைக் கார்டு, ஆர்.ஏ.சி.

இந்தப் பகுதியை எழுதுகிறவர்கள் பொதுவாக ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு அதிதியின் கதையில் பிடித்த இடமே இதுதான். ஆர்.ஏ.சி. ஆட்டக்காரருக்கு எந்த வாரம் ஆட்டம் என்பதே தெளிவாகத் தெரியாது. பெரிய நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கிற வாரம், வெகுதூரத்துப் போட்டி, மழைக்காலப் போட்டி, அங்கேதான் இடம் காலியாகும். கிடைத்த இடத்தில் நன்றாக ஆடிப் பணம் சேர்த்தால், வருஷ நடுவே பட்டியலைக் குலுக்கி வரிசையை மாற்றும்போது மேலே ஏறலாம். இன்னொரு பக்கம் ஐரோப்பாவில் கையில் இருக்கும் கார்டையும் விட்டுவிடக்கூடாது. இரண்டு கண்டத்தில் இரண்டு காலை வைத்துக்கொண்டு 2017 முழுக்க ஆடினார் அதிதி. அந்த வருஷமே அமெரிக்கச் சுற்றில் நிலைத்துக்கொண்டார். நவம்பரில் அபுதாபியில் ஃபாத்திமா பின்த் முபாரக் ஓப்பனை ஜெயித்தார். ஐரோப்பியச் சுற்றில் மூன்றாவது பட்டம்.

“பணம் இல்லாத வீட்டுல இருந்து யாருமே வரலியா?”

வந்திருக்கிறார்கள், வேறு பாதையில். சின்னசாமி முனியப்பா அதே பெங்களூர்க்காரர். கேடியாகப் பை தூக்கியவர். 2009இல் ஆண்களுக்கான இந்தியன் ஓப்பனை, தென்கொரிய ஆட்டக்காரர் ஒருவரோடு சமநிலையாகி, கூடுதல் குழியில் ஜெயித்தார். எஸ்.எஸ்.பி. சௌராசியா கொல்கத்தாவில் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல் பராமரித்தவரின் மகன். 1997இல் தொழில்முறைக்கு வந்தார். தூரமாக அடிப்பதில் பெரிய ஆள் இல்லை. கொடிக்குப் பக்கத்தில் வந்தபின் அவர் கை செய்யும் வேலைக்குத்தான் பெயர். பதினோரு வருஷம் கழித்து, 2008இல் டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸை ஜெயித்தார். மொத்தப் பரிசு 25 லட்சம் டாலர் இருந்த போட்டி. பணத்தைவிடப் பெரிது, அந்த ஒரு வெற்றியோடு ஆண்கள் ஐரோப்பியச் சுற்றுக்கான கார்டும் வந்தது. தேர்வுக்குப் போகாமலே கதவு திறந்தது. பிறகு 2016, 2017 இரண்டு வருஷமும் இந்தியன் ஓப்பனை அடுத்தடுத்து ஜெயித்தார்.

மூன்றாவது பாதை பட்டாபிராம்காரர்களுக்குக் கொஞ்சம் பழக்கமானது: ராணுவம். மிலிட்டரி சைடிங் பெயரில் ஸ்டேஷனே வைத்திருக்கும் ஊர் நம்முடையது. நாட்டின் பல கன்டோன்மென்ட்களில் கோல்ஃப் மைதானம் உண்டு, அதிகாரி வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாயந்திரம் கிரிக்கெட் மட்டும்தான் என்றில்லை. அனிர்பன் லாகிரியின் அப்பா ராணுவ மருத்துவர். சுபாங்கர் சர்மாவின் அப்பா கர்னல். பிறவியிலேயே காது கேளாத, இடது கையால் ஆடும் தீக்ஷா தாகரின் அப்பாவும் கர்னல். தீக்ஷா 2019இல், பதினெட்டு வயதில், தென்னாப்பிரிக்கப் பெண்கள் ஓப்பனை ஜெயித்தவர். அவருக்கும் முதல் பயிற்சியாளர் அப்பாதான். ஆக மூன்று பாதையிலும் பொதுவாக இருப்பது, சின்ன வயதில் புல்தரைக்குள் நுழைய ஒரு வாசல். பணம் அந்த வாசலை வாங்கும். வேலை, உத்தியோகம் மூலமாகவும் அது சிலருக்குத் திறக்கும். மற்றவர்களுக்கு வெளியே சுவர்தான். இதை மறைத்துவிட்டு ‘உழைத்தால் யாரும் வரலாம்’ என்று அண்ணனிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

“சரி, டோக்கியோவுல நாலாவது வந்தாங்களே. அந்த 5 பர்சன்ட் எவ்வளவு?”

“ஒலிம்பிக்ல பரிசுப் பணமே கிடையாதுண்ணே. மூணாவதுவரைக்கும் பதக்கம். நாலாவதுக்கு வீட்டுக்கு டிக்கெட்.”

2021 ஆகஸ்ட், காசுமிகாசேகி மைதானம். உலகத் தரவரிசையில் 200ஆவது இடத்தில் இருந்தார் அதிதி. சில வாரம் முன்புதான் கொரோனா வந்து உடம்பு இளைத்து, அடியில் தூரம் குறைந்திருந்தது. அமெரிக்காவின் நெல்லி கோர்டா மாதிரி ஆட்டக்காரர்கள் முதல் அடியிலேயே அவரை வெகுதூரம் தாண்டிப் போவார்கள். அவர்கள் குட்டை ஸ்டிக்கால் அடிக்கும் இடத்துக்கு இவர் நீளமான கட்டையைக் கையில் எடுக்கவேண்டும். ஈடுகட்டியது புட்டிங், அதாவது குழிக்குப் பக்கத்தில் பந்தை உருட்டிவிடும் கடைசி வேலை. 67, 66, 68, 68. மொத்தம் 269. கோர்டா 267இல் தங்கம். ஜப்பானின் மோனே இனாமியும் நியூசிலாந்தின் லிடியா கோவும் 268. கூடுதல் குழியில் இனாமிக்கு வெள்ளி, கோவுக்கு வெண்கலம். ஒரே ஒரு அடி. பை தூக்கியவர் இந்த முறை அம்மா மகேஸ்வரி. அந்த சனிக்கிழமை காலை, பர்டிக்கும் போகிக்கும் வித்தியாசம் தெரியாத வீடுகளில்கூட டி.வி. ஓடியது நினைவிருக்கும். 

டோக்கியோ வெளிச்சத்தில் மறைந்துபோன விவரம் ஒன்று: அபுதாபியில் ஜெயித்த 2017 நவம்பருக்குப் பிறகு அவர் ஜெயித்த அடுத்த பட்டம் 2023 பிப்ரவரியில், கென்யாவில். ஒன்பது அடி வித்தியாசத்தில். இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல் ஒரு கோப்பையும் இல்லை. அந்த வருஷங்களில் அவர் அமெரிக்கச் சுற்றை விட்டு இறங்கவும் இல்லை. முதல் வருஷத்தில் இரண்டு கோப்பை வாங்கிய பெண்ணிடம் எல்லோரும் அடுத்த கோப்பையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் வெள்ளிக்கிழமைகளைத் தாண்டிக்கொண்டிருந்தார். 

அண்ணன் பேப்பர் ஓரத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “இப்ப என் பேத்திக்கு என்ன சொல்றது?”

இங்கே ஆரம்பிக்க என்ன இருக்கிறது என்று பார்த்தோம். தமிழ்நாட்டில் ஊட்டி, வெலிங்டன், கொடைக்கானல், கோவை பக்கம் மைதானங்கள் உண்டு. சென்னையில் பல தலைமுறையாக இரண்டு: கிண்டி ரேஸ் மைதானத்துக்குள் ஜிம்கானாவுடையது, நந்தனத்தில் காஸ்மோபாலிடன் கிளப்புடையது. கிண்டி ரேஸ் கிளப் நிலத்தை 2024 செப்டம்பரில் அரசு எடுத்துக்கொண்டது. அதனால் அந்தப் பக்கத்தை இப்போதைக்கு மறந்துவிடலாம். நந்தனத்தில் தொழில்முறைப் போட்டிகளும் நடந்திருக்கின்றன. இங்கிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் நந்தனம். ஒரு பக்கம் போகவே ஒன்றரை மணி நேரம் ஆகும். பட்டாபிராமில் இருபத்தொரு மாடிக்கு டைடல் பார்க் எழும்பிவிட்டது. எட்டாவது படிக்கிற பிள்ளை பந்து அடிக்க ஒரு வலை கட்டிய திடல் இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

“உறுப்பினர் இல்லாதவங்களுக்குப் பயிற்சி நேரம் உண்டா, சின்னப் பிள்ளைங்களுக்கு கோச் யாருன்னு போன் பண்ணிக் கேளுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போங்க. முழு மைதானம் வேணாம். ஒரு பக்கெட் பந்து வாங்கிக் குடுங்க, நின்ன இடத்துலயே அடிக்கட்டும். முதல் நாள் பாதிப் பந்து பத்தடி தாண்டாது. ரெண்டாவது வாரமும் போகணும்னு அவளே சொன்னா, மேல யோசிக்கலாம்.”

“ஸ்டிக் செட்டு வாங்கணுமே?”

“இப்ப வாங்கிடாதீங்கண்ணே. அங்கயே வாடகைக்குக் கிடைக்குதான்னு பாருங்க. பன்னெண்டு, பதிமூணு வயசுல வருஷத்துக்கு ரெண்டு இஞ்ச் வளருவாங்க. இந்த வருஷ ஸ்டிக் அடுத்த வருஷம் குட்டையாயிடும், குனிஞ்சு அடிச்சு முதுகு வளைஞ்சே பழகிடும். அப்படியே வாங்கினாலும் பழசு. தூரமா அடிக்கிற டிரைவரெல்லாம் வேணாம், ஏழாம் நம்பர் அயர்ன் ஒண்ணு, புட்டர் ஒண்ணு. புட்டரை வீட்டு வராண்டாவுலகூடப் பழகலாம்.”